மேனேஜருக்கு இன்றைக்கு எவ்வளவு?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என்னுடையது அல்ல. என் அக்காவுடையது. ஒரு மத்தியானம் அவள் ஃபோனில் அழுதாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் பிழைப்பு. இரண்டு பெயர்களுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் கதை எழுதுவேன். அன்றைக்குக் கன்னம் வீங்கிய ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது ஃபோன் அடித்தது.

"என்னக்கா?"

"மேனேஜருக்குச் சரியாயிடுச்சு," என்றாள். சொல்லிவிட்டு விசும்பினாள்.

"நல்லதுதானே. அதுக்கு ஏன் அழற?"

"அதான் சொல்றேனே. சரியாயிடுச்சு."

மேனேஜர் என்பது பூனை. சாம்பல் நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளைச் சட்டை தெரிவதுபோல ஒரு திட்டு. முன்னங்கால்களை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, லீவு கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல எல்லோரையும் பார்ப்பான். அதனால் அந்தப் பெயர். (பூனையை "அது" என்று எழுதினால் அக்கா திருத்துகிறாள். அதனால் "அவன்".) அவனுக்குச் சர்க்கரை நோய். இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அக்கா அழுதாள்.

ஒரு நல்ல தங்கை அந்த நேரத்தில் ஆறுதல் சொல்லியிருப்பாள். நானும் சொன்னேன். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பூனை பிழைத்ததற்காக அழுகிறவள் என்று ஒரு வரி மனதின் இன்னொரு மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதுகிறவர்களுக்கு அந்த மூலை எப்போதும் விழித்தே இருக்கிறது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

சாயங்காலமே அவளிடம் கேட்டேன். "இத எழுதட்டுமா?"

"எழுது. ஆனா ஒவ்வொரு தடவையும் எனக்குப் படிச்சுக் காட்டணும்."

காட்டினேன். சில தடவை ஃபோனில், சில தடவை அவள் ஊருக்கே போய் நேரில். இதில் நீங்கள் பார்க்கப்போகும் வெட்டுக்காயங்களில் பாதி அவள் போட்டவை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பூனைகளுக்கும் மனிதர்களைப் போலவே சர்க்கரை நோய் வரும் என்பது பலருக்குத் தெரியாது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின்—"

இது மருத்துவமனைச் சுவரில் ஒட்டுகிற வாசகம். கிழித்தேன்.

இரண்டாவது தொடக்கம்:

"படியில் அவருடைய காலடிச் சத்தம் கேட்டதும் பூனை காதை மடக்கிக்கொண்டது. அவளோ—"

"அவளோ" என்பதில் நின்றுவிட்டேன். அவளோ என்ன செய்தாள்? கூந்தலைச் சரிசெய்துகொண்டாளா? ஜன்னலைப் பார்த்தாளா? அக்காவிடமே கேட்டேன்.

"சுகர் பாக்கற மீட்டர்ல ஸ்ட்ரிப் சொருகிட்டு இருந்தேன்," என்றாள்.

ஆகவே மூன்றாவது தொடக்கம் வேண்டாம். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். சட்டத்தின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அத்தான் நகரப் பேருந்து ஓட்டுகிறார். இருவரும் இப்போது ஒரே வீட்டில் இல்லை.

(பிரிந்துபோன அக்கா புருஷனை எப்படிக் கூப்பிடுவது? நம் உறவுமுறையில் அதற்கு ஏற்பாடு கிடையாது. "முன்னாள் அத்தான்" என்றால் ஏதோ தேர்தலில் தோற்றவர்போல இருக்கிறது. அத்தான் அத்தானாகவே இருக்கட்டும்.)

அத்தானுடைய அப்பா தன் கடைசி வருடங்களை அவர்களுடைய வீட்டில்தான் கழித்தார். நினைவு தப்பிய மனிதர். சர்க்கரையும் உண்டு. அத்தான் ஊசி போடுவார், அக்கா ஊட்டிவிடுவாள். அந்த வருடங்களில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான். மாத்திரை குடுத்தாச்சா. துணி மாத்தியாச்சா. நீ படு, நான் பாத்துக்கறேன். இந்தக் கடைசி வாக்கியத்தைவிடப் பெரிய காதல் வசனம் ஒன்று எழுத எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

மாமனார் போய்ச் சேர்ந்தார். வீடு அமைதியாயிற்று. முதலில் அது ஓய்வுபோலத் தெரிந்ததாம். பிறகு அமைதி போகவே இல்லை.

"எதிரெதிரே உக்காந்து சாப்பிடுவோம்," என்றாள் அக்கா. "உப்பக் கொஞ்சம் எடும்பார். எடுத்துக் குடுப்பேன். அன்னிக்குப் பேச்சு அதோட முடிஞ்சிடும். பேசக் கூடாதுன்னு இல்லடி. பேச ஒண்ணுமே இல்ல. அவர் அப்பாவோட சேர்த்து எங்க பேச்சையும் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

அத்தான் கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்க ஆரம்பித்தார். சில நாட்கள் டிப்போவிலேயே படுத்துக்கொண்டார். அப்புறம் டிப்போவுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தார். சண்டையே இல்லை.

கதைக்கு இது போதாது என்று தோன்றியது. பிரிவு என்றால் ஒரு காரணம் வேண்டாமா? இப்படி எழுதிப் பார்த்தேன்: "அன்று அவர் கோபத்தில் தட்டைத் தூக்கி—"

படித்ததும் அக்கா தாளைக் கீழே வைத்தாள். "அவர் தட்டத் தூக்கிப் போட்டதே இல்ல. கழுவி வெச்சிட்டுத்தான் போனார். ரெண்டு தட்டையும்."

இதற்குமேல் ஒரு காரணத்தை நான் தேடவில்லை.

4

அத்தான் போன பிறகு பூனைதான் துணை. அவன் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலிசெய்ய ஆரம்பித்தபோது வெயில் என்று நினைத்தாள். குளியலறைக்கு வெளியே ஈரம் செய்தபோது வயசு என்று நினைத்தாள். எவ்வளவு சாப்பிட்டும் முதுகெலும்பு கைக்குத் தட்டியபோதுதான் பயந்தாள். ஒருநாள் அவன் பின்னங்கால்களை நுனியில் ஊன்றாமல், பாதம் முழுவதையும் தரையில் வைத்து, செருப்புத் தேய்ந்த ஆள்போல நடந்து வந்தான். கூடையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கையெல்லாம் பூனைக் கீறல். மீட்டரில் நானூறைத் தாண்டிய எண்ணைக் காட்டிச் சொன்னார்: "சர்க்கரைதான். காலையும் சாயங்காலமும் இன்சுலின் போடணும், ஒரே நேரத்துல. போடறதுக்கு முன்னாடி காது ஓரத்துல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்க. எண்ணு குறைவா இருந்தா போடவே கூடாது. அது முக்கியம். சர்க்கரை ஏறினா மெதுவாத்தான் கெடுக்கும். இறங்கினா அன்னிக்கே ஆளக் காலி பண்ணிடும்."

காதில் குத்துவது அக்காவுக்கு வந்துவிட்டது. காதைக் கொஞ்ச நேரம் விரலுக்குள் வைத்துச் சூடாக்கி, ஓரத்தில் ஒரு புள்ளி. கண்ணாடி வேலைக்கு அது பக்கத்து வீடு. ஆனால் முதுகுத் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியை உள்ளே இறக்குவது வரவில்லை. டாக்டர் வெறும் உப்புத்தண்ணீரை நிரப்பிப் பழக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஊசி தோலின் அந்தப் பக்கம் வெளியே வந்து, மயிர்தான் நனைந்தது. "கீறல் விழாம வேலை பாத்துப் பழகின கை," என்றாள் என்னிடம். "குத்தச் சொன்னா நின்னுடுது."

என்னை வரச் சொல்லியிருக்கலாம். நான் வேறு ஊரில் இருக்கிறேன் என்பது ஒரு காரணம். (இன்னொரு காரணத்தை எழுதினால் அடித்துவிடுவாள். எழுதவில்லை.)

அத்தானுக்கு ஃபோன் செய்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முதல் ஃபோன். "மேனேஜருக்குச் சுகர்," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் வண்டி இரைச்சல். பிறகு அவர் கேட்டார்:

"எத்தன யூனிட்?"

எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. எனக்கு ஏன் சொல்கிறாய் என்றும் கேட்கவில்லை. "அந்த ஒரு கேள்வியே போதும்டி," என்றாள் அக்கா. "பழைய வீட்டுக்குள்ள காலடி எடுத்து வெச்ச மாதிரி இருந்துச்சு."

5

அவர் ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். காலையில் வண்டி எடுக்கும் முன் ஒரு தடவை, மாலையில் விட்ட பின் ஒரு தடவை. சாவி அவரிடம் இருந்தது. ஆனாலும் மணியை அடித்துவிட்டு நின்றார். உள்ளே வந்து கை கழுவி, ஃப்ரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுவார். குலுக்கக் கூடாது, அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். பிறகு கேட்பார்: "இன்னிக்கு எவ்வளவு?"

அக்கா எண்ணைச் சொல்வாள். பூனையை மடியில் அழுத்திப் பிடிப்பாள். அவர் ஊசி போடுவார். மேனேஜர் ராஜினாமாக் கடிதம் வாங்கியவன்போல இருவரையும் மாறிமாறிப் பார்ப்பான். முடிந்தது.

இதில் ஒன்று அக்காவை அரித்தது. அவர் அவளை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" "காது துடைச்சீங்களா?" கல்யாணம் ஆனதிலிருந்து அவள்தான் அவரை "நீங்க" என்பாள், அவர் "நீ" என்பார். இப்போது இரண்டு பக்கமும் மரியாதை.

* இந்த மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. கதவைச் சாத்தினார், முகத்தைத் திருப்பினார் என்றெல்லாம் எழுத வேண்டாம். ஒரு "ங்க" போட்டால் போதும். இருவருக்கும் நடுவில் சுவர் எழும்பிவிடும். வாசகர் யாரும் அதைக் கவனிக்காமல் தாண்ட முடியாது. அக்காவும் தாண்டவில்லை.

"மரியாதை குடுக்கறார்னு நீ சந்தோஷப்பட்டுக்கோயேன்," என்றேன்.

"டிக்கெட் வாங்கினவங்களுக்கும் அதேதான் குடுக்கறார்," என்றாள்.

6

எண்கள் சொன்னபடி கேட்கவில்லை. கதைக்குப் பொருத்தமாக நான் அவற்றை அழகாக இறங்கும் படிகள்போல எழுதியிருந்தேன். அக்கா அதையும் அடித்தாள். உண்மையில் முந்நூற்று எண்பது, இருநூற்றுத் தொண்ணூறு, திடீரென்று நூற்றிப் பத்து, அதற்கடுத்த வேளை நானூற்றுப் பன்னிரண்டு. அதே மருந்து, அதே அளவு, அதே கிண்ணம். ஒவ்வொரு வேளையும் மீட்டர் எண்ணைக் காட்டும்வரை இருவரும் குனிந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தலைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து கெட்டுப்போனதா? ஊசி மயிரில் இறங்குகிறதா? பூனைக்குப் பயமா, கோபமா? பயந்தாலே பூனைக்குச் சர்க்கரை ஏறுமாம். கடைசியில் கேட்டார்: "வேற யாராவது ஏதாவது குடுக்கறாங்களா?"

வீடு திரும்பும் வழியில் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள்.

"நீங்க பையில எப்பவும் பிஸ்கெட் வெச்சிருப்பீங்களே," என்றாள் அக்கா.

"பழைய கவர்ல மீதி இருந்த தீனிய நீங்க தூக்கிப் போட்டீங்களா இல்லையா?"

"போட்டாச்சு. இப்ப டப்பாவுல வர்ற கறி மட்டும்தான். டாக்டர் சொன்னது."

"நான் பிஸ்கெட் சாப்பிடறதையே விட்டாச்சு."

எப்போது விட்டீங்க என்று கேட்க வாய் வரைக்கும் வந்ததாம். அவரைப் பற்றித் தெரியாத ஒன்று. கேட்கவில்லை.

குற்றவாளியைப் பிடித்தது அத்தான்தான். ஒரு மாலை சீக்கிரமே வந்தவர், பின்பக்க மாடிப்படியில் மேனேஜர் இறங்கி வருவதைப் பார்த்தார். மீசையில் பால்.

மாடி வீட்டு அம்மா கதவைத் திறந்து, எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார்: "பாவம், இளைச்சுப்போயிருக்கானேன்னு பால்ல ரெண்டு ரஸ்க் நனைச்சு வெச்சேன். அது ஒரு தப்பா?"

"அவனுக்குச் சுகர்ம்மா," என்றார் அத்தான்.

"எனக்கும்தான் சுகர். நான் சாப்பிடலையா?"

அந்த அம்மா தன் மகள் வீட்டுக்குப் போகிற நாட்களில் எண் இறங்கியது. திரும்பி வந்த நாட்களில் ஏறியது. அவ்வளவுதான் மர்மம். படியிறங்கி வந்து, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு இருவரும் சிரித்தார்களாம். அக்கா அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ரொம்ப நேரம் இல்ல. ஆனா ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரிச்சோம்."

7

ரஸ்க் நின்றது. டப்பாத் தீனி மட்டும். எண்கள் இறங்க ஆரம்பித்தன. இருநூறு, நூற்றைம்பது, நூற்றிருபது. பூனையின் கால்கள் நிமிர்ந்தன. ஜன்னல் திண்டில் ஏறினான். டாக்டர் ஃபோனில் சொன்னார், இப்படியே போனால் மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்துகிற நாள்கூட வரலாம் என்று.

இனிமேல்தான் நான் எழுத வந்த இடம்.

ஒரு காலை, அத்தான் மணியடிக்கும் முன்பே அக்கா காதில் குத்தி எண்ணைப் பார்த்துவிட்டாள். அறுபத்திரண்டு. அதன் அர்த்தம் ஊசி கூடாது என்பது. அவர் வந்தார், கை கழுவினார், குப்பியை உருட்டினார், கேட்டார்: "இன்னிக்கு எவ்வளவு?"

நான் முதலில் எழுதியது:

"இருநூத்திப் பத்து," என்றாள் அவள். அவர் ஊசியில் மருந்தை ஏற்றினார். மத்தியானம் பூனை கால்கள் இழுத்துக்கொண்டு—

அக்கா படித்தாள். "அவன் செத்திருப்பான்டி."

"கதைக்காகத்தான்."

"அவர் வரணும்னு நான் அவனச் சாகடிப்பேனா? என்னை அப்படியா நினைச்சே?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு மாதிரி எழுதினேன்:

"அறுபத்திரண்டு," என்றாள் அவள், சற்றும் தயங்காமல்.

அதையும் படித்தாள். அது சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தாளை மடித்தாள், பிரித்தாள்.

"இப்படியும் இல்ல," என்றாள்.

நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

அவர் கேட்டதும் அவள் வாயில் வந்தது: "நூத்தி..."

நூற்றி என்னவென்று அவளுக்கே தெரியாது. அந்த வாக்கியம் அங்கே நின்றது. அவருக்கு அது போதுமாக இருந்தது. நூறைத் தாண்டிவிட்டது என்றால் ஊசி உண்டு. குப்பியைக் கவிழ்த்து மருந்தை இழுத்தார். மடியில் மேனேஜர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். குத்திய காது அவள் விரல்களுக்குள் இன்னும் சூடாக இருந்தது. இந்த ஊசி வேண்டாம் என்றால் நாளைக்கும் வேண்டாம் என்று ஆகலாம். பிறகு மணி அடிக்காது. இவ்வளவும் அவள் யோசித்தாளா என்றால் இல்லை என்கிறாள். உடம்பு யோசித்ததாம்.

அவர் குனிந்து பூனையின் முதுகுத் தோலைத் தூக்கினார்.

"இல்ல," என்றாள். "அறுபத்திரெண்டு."

அவர் கை நின்றது. மருந்தை வீணாக்காமல் குப்பிக்குள்ளேயே தள்ளினார். ஊசியை மேஜைமேல் வைத்தார். அவளைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் நூத்தின்னு ஆரம்பிச்ச?"

ஆரம்பிச்ச. ஆரம்பிச்சீங்க இல்லை.

"வாய் தவறிடுச்சு," என்றாள்.

அவர் ஃபோனை எடுத்து டிப்போவுக்குப் பேசினார். "வர ஒரு மணி நேரம் லேட்டாகும். வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல."

[அந்த "ஒருத்தர்" யார் என்று என்னைக் கேட்காதீர்கள். அக்காவும் அதைத்தான் என்னிடம் கேட்டாள்.]

8

பூனைக்குத் தீனி வைத்து, சர்க்கரை மேலும் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சமையலறைத் தரையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பார்க்க வேறு வேலை இல்லை. நோயாளி தின்றுவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கடைல எப்படி?" என்று அத்தான் கேட்டார்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "போன வாரம் ஒருத்தர் வந்தார். சம்சாரம் தவறிட்டாங்களாம். அவங்க கண்ணாடிய இவர் போட்டுப் பாத்திருக்கார். எல்லாம் மங்கலாத் தெரிஞ்சுதாம். இப்படியா அவ இத்தன நாள் என்னைப் பாத்தான்னு கேட்டு அழுதுட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"உங்களுக்குத்தான் சார் மங்கல், அவங்களுக்கு அது தெளிவாத் தெரிஞ்சிருக்கும்னேன்."

அத்தான் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, தன் பங்குக்கு ஏதாவது தர வேண்டும் என்பதுபோலச் சொன்னார்: "நேத்து என் வண்டில ஒரு ஆள் ஏணியோட ஏறினார்."

"ஏணியோடயா?"

"மடக்கற ஏணி. பக்கத்துல உக்கார வெச்சிருந்தார். ஒரு அம்மா வந்து நவுத்துங்கன்னாங்க. அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்னார்."

அக்கா சிரித்தாள். சிரித்ததும் பயந்துபோனாளாம். "இதெல்லாம் இத்தன வருஷமா நடந்துட்டுதானே இருந்திருக்கும்? அவர் வண்டில யாராவது ஏணியோட ஏறிட்டேதான் இருந்திருப்பாங்க. நான் கேக்கவே இல்ல. அவரும் சொல்லவே இல்ல."

மறுபடி காதில் குத்தினாள். எண்பத்து நாலு. இருவரும் மூச்சு விட்டார்கள். அத்தான் எழுந்து சட்டையிலிருந்து பூனை மயிரைத் தட்டிக்கொண்டு, "சாயங்காலம் வரேங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த "ங்க"வை அக்காவே எழுதச் சொன்னாள். விட்டால் பொய்யாகிவிடுமாம்.

9

மருந்து இரண்டு யூனிட்டிலிருந்து ஒன்று, பிறகு பாதி, பிறகு இல்லை. அத்தான் அந்தப் பாதிக்கும் வந்தார். மருந்தே இல்லாத நாட்களிலும், எண் நிற்கிறதா என்று பார்க்க டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை வந்தார். பிறகு மூன்று பேருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். கூடை அத்தான் கையில்.

"குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "நோய் ஓய்வுல இருக்கு. சில பூனைங்களுக்கு இப்படி அமையும். திரும்பி வந்தாலும் வரலாம். வாரம் ஒருதரம் பாத்துக்கோங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

வெளியே வந்து வாசலில் நின்றார்கள். அத்தான் கூடையை அக்காவிடம் கொடுத்தார்.

"அப்ப நான் வர வேண்டியதில்ல," என்றார்.

"வேண்டியதில்ல," என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொன்னோம்," என்றாள் என்னிடம். "அவர் கேட்டாரா, சொன்னாரா? நான் சொன்னேனா, கேட்டேனா? இன்னிக்கு வரைக்கும் தெரியல."

கன்னம் வீங்கியவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் எடுத்த ஃபோன் அதுதான்.

பிறகு வாரம் ஒரு செய்தி வந்தது அவளுக்கு. "எவ்வளவு?" அவள் எண்ணை அனுப்புவாள். "நல்லது," என்று பதில் வரும். எண்பத்தெட்டுக்கு மேல் எப்படிப் பேச்சை வளர்ப்பது? நானூறு என்றால் ஒரு மணி நேரம் பேசலாம். நலமாக இருக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போகிறது. ஏக்கம் என்று நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் தூரத்தைப் பற்றி. நடுவில் நாலு தெருகூட இல்லாதபோது, வழியும் தெரிந்திருக்கும்போது, போவதற்கு ஒரு முகாந்தரம் மட்டும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு வேறு சொல் இருக்க வேண்டும். எனக்கு அகப்படவில்லை.

ஊசி வேளை வந்தால் மேனேஜர் கதவுக்கு எதிரே போய் உட்காருகிறானாம். "குத்தற ஆளுக்காக எவனாவது காத்திருப்பானா?" என்கிறாள் அக்கா. யாரைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

10

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

அ) பூனைக்கு நோய் திரும்புகிறது. அவர் ஓடி வருகிறார்.

"அவனுக்கு மறுபடி வரணும்னா எழுதுவே?" என்றாள் அக்கா. "கதைதானேக்கா," என்றேன். "எத்தனையோ ராத்திரி நானே அப்படி நினைச்சிருக்கேன். எழுதி வெச்சிடாத," என்றாள். அடித்துவிட்டேன்.

ஆ) அவள் அவருடைய பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் இறங்கிய பிறகு அவர் கண்ணாடியில் பார்க்கிறார்.

"சினிமா," என்றாள்.

இ) எதுவும் நடப்பதில்லை. வாரங்கள் போகின்றன. எண் எண்பத்தெட்டு.

எனக்கு இது பிடித்திருந்தது. அடங்கிய முடிவு, விவரம் தெரிந்தவர்கள் மெச்சுவார்கள். நல்ல குரலில் படித்துக் காட்டினேன். அக்கா ஃபோனின் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் மெல்லச் சொன்னாள்:

"அது வேணாம்டி."

அதற்குமேல் அவள் விளக்கவில்லை. நானும் வாதாடவில்லை. கதை அங்கேயே கிடந்தது.

11

மேலே உள்ளதைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு, ஃபோன் வந்தது. காத்திருப்போர் நாற்காலிகளில் இரண்டு பேர். அக்கா கிசுகிசுத்தாள்.

"அவர் வந்திருக்கார்."

"மேனேஜருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தூங்கறான்."

"எண்ணு?"

"பாக்கல. இன்னிக்குப் பாக்கற நாளே இல்ல. அவருக்கு லீவாம். மணி அடிச்சுது, திறந்தா நிக்கறார். உள்ள வாங்கன்னேன். வந்து ஹால்ல உக்காந்திருக்கார்."

"ஏன் வந்தார்னு கேட்டியா?"

"கேட்டா ஏதாவது காரணம் சொல்லிடுவார்," என்றாள். "அப்புறம் அந்தக் காரணம் முடிஞ்சதும் போயிடுவார்."

இப்படி ஒரு வரியை நான் அவளுக்கு எழுதிக் கொடுத்ததே இல்லை.

"நீ எங்க இருக்க?"

"சமையல்கட்டுல. டீ போடறேன்னு வந்துட்டேன். தண்ணி வெச்சிருக்கேன்." மூச்சு வாங்கினாள். "பூனையப் பத்திப் பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். மாமனாரப் பத்தியும் வேண்டாம். ஆனா வேற என்ன பேசறதுன்னு தெரியல. ஒண்ணுமே வரல. நீ எழுதற ஆளுதானே. இத்தன நாளா நான் சொல்லாததையெல்லாம் நான் சொன்னதா எழுதினேல்ல? இப்ப ஒண்ணு சொல்லு. டீயக் கொண்டுபோய் வெச்சதும் நான் என்ன பேசட்டும்?"

நான் வாயைத் திறந்தேன். அவளுக்காக இத்தனை வசனங்கள் எழுதி அடித்தவள் நான். தாளைப் புரட்டினேன். எல்லாம் அடித்தவை. உள்ளேயிருந்து பல் டாக்டர், அடுத்த ஆளை அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்திருக்கவில்லை.

"இருக்கியா?" என்றாள் அக்கா.

"இருக்கேன்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தான் கதையை இங்கே நிறுத்தி உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஹாலில் உட்கார்ந்திருந்திருப்பார்கள். பெரிய வார்த்தை வேண்டாம், அவளுக்கு வராது. சர்க்கரையைப் பற்றியும் வேண்டாம். ஒரே ஒரு வரி, முதல் வரி மட்டும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"சீக்கிரம் சொல்லுடி," என்கிறாள். "தண்ணி கொதிக்குது."